எல்லா இனத்தவராகவும் நடித்தவர்: நோபிள் ஜான்சனும் மைசூர் சாபுவும்

திரைப்படத்தில் நாயகனாக இல்லாமல், கதைக்கு வேண்டிய தந்தையாகவோ வில்லனாகவோ வேலைக்காரனாகவோ ஊர்ப் பெரியவராகவோ படத்துக்குப் படம் வேறொரு மனிதராகத் தோன்றுபவரைக் குணச்சித்திர நடிகர் என்று சொல்வது வழக்கம், டி. எஸ். பாலையாவையும் எஸ். வி. ரங்காராவையும் பார்த்து வளர்ந்த தமிழ் ரசிகருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆனால் மௌனப் பட காலத்திலிருந்து இரண்டாம் உலகப் போர்க்காலம் வரையிலான அமெரிக்கத் திரைத்துறையில் இந்த வகைக்குள்ளேயே ஓர் உட்பிரிவு இருந்தது. செவ்விந்தியத் தலைவன், அரேபியக் காவலன், ஆப்பிரிக்கப் பழங்குடி, தென்கடல் தீவுவாசி, இந்திய இளவரசன் என வெள்ளையரல்லாத எவர் கதையில் வந்தாலும், அந்த வேடத்துக்கு அழைக்கப்பட்ட சிலரைக் கொண்டது அது. அவர்களில் நெடுங்காலம் நிலைத்து நின்றவர் நோபிள் ஜான்சன் என்ற ஆப்பிரிக்க அமெரிக்கர், அதாவது அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்கரின் வழிவந்த அமெரிக்கர். முப்பத்தைந்து ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்த அவர் இந்தியராகவும் பலமுறை வேடமிட்டார் என்பதும், மைசூரிலிருந்து சென்ற ஓர் இந்தியருடனேயே ஒரு படத்தில் அப்படி நடித்தார் என்பதும், இந்தியர் அவரது வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளத் தனிக் காரணங்களாகின்றன.

1881ஆம் ஆண்டு மிசௌரி மாநிலத்தின் மார்ஷல் என்ற ஊரில் பிறந்த ஜான்சன், கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் வளர்ந்தார். தந்தை குதிரைகளைப் பழக்குபவர்; பந்தயக் குதிரைகளோடு ஊர் ஊராகச் செல்லும் தொழிலில் மகனும் இளமையிலேயே சேர்ந்துகொண்டார். பிற்காலத்தில் 'ஆயிரம் முகங்கள் கொண்டவர்' என்று புகழ்பெற்ற லான் சேனி அவருடைய பள்ளித் தோழர் என்பது திரை வரலாற்றின் விநோதங்களில் ஒன்று, ஏனெனில் சேனி முகங்களை மாற்றிக்கொண்டது கலைத்திறனாகக் கொண்டாடப்பட, ஜான்சன் இனங்களை மாற்றிக்கொண்டதைப் படத்தின் பெயர்ப்பட்டியல்கூடப் பல நேரங்களில் குறிப்பிடவில்லை. பிலடெல்பியாவைச் சேர்ந்த லூபின் நிறுவனம் கொலராடோவில் படமெடுக்க வந்தபோது, காயமடைந்த ஒரு நடிகருக்குப் பதிலாகக் குதிரையேற்றம் அறிந்த ஜான்சன் அழைக்கப்பட்டார். கிடைத்தது செவ்விந்தியர் வேடம். ஆறடிக்கு மேல் உயரம், அகன்ற தோள்கள், எந்த இனத்தவர் என்று பார்த்தவுடன் சொல்லிவிட முடியாத வெளிர்ந்த மேனி ஆகிய மூன்றும் சேர்ந்து அவருடைய தொழிலின் திசையை அந்த முதல் வேடத்திலேயே முடிவுசெய்துவிட்டன.

அந்தக் காலத்துக் கறுப்பின நடிகருக்குத் திரையில் என்ன இடம் இருந்தது என்பதை 1915இல் வெளிவந்த டி. டபிள்யூ. கிரிஃபித்தின் 'ஒரு தேசத்தின் பிறப்பு' காட்டுகிறது. கறுப்பினத்தவரை அடக்கக் கிளம்பிய கு கிளக்ஸ் கிளான் என்ற வன்முறைக் கும்பலை வீரர் கூட்டமாகச் சித்தரித்த அந்தப் படத்தில் முக்கியமான கறுப்பினப் பாத்திரங்களை வெள்ளையரே முகத்தில் கரி பூசிக்கொண்டு நடித்தனர். இப்படி நடிப்பது அமெரிக்க மேடையிலிருந்து திரைக்கு வந்த பழைய வழக்கம். தமிழ்த் திரையுலகம் இதைக் கேட்டு முகம் சுளிப்பதற்கு முன், வெளிர்நிற நடிகைகளுக்குக் கரிய ஒப்பனை பூசிக் கிராமத்துப் பெண்ணாகக் காட்டும் தன் வழக்கத்தையும் நினைத்துப் பார்க்கலாம். கிரிஃபித்தின் படத்துக்கு எதிராகக் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கம் பல நகரங்களில் போராடியது. போராட்டத்தோடு நிற்காமல், தங்கள் மக்களைப் பற்றித் தாங்களே படமெடுப்பது என்று புறப்பட்டவர்களும் உண்டு, ஜான்சன் அவர்களில் ஒருவர்.

1916இல் அவர் சில நண்பர்களுடன் சேர்ந்து லாஸ் ஏஞ்சல்ஸில் லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனியைத் தொடங்கினார். ஜான்சன் அதன் தலைவராகவும் நாயகனாகவும் இருந்தார். கிளாரன்ஸ் புரூக்ஸ் என்ற நடிகரும் ஜேம்ஸ் ஸ்மித் என்ற மருந்துக்கடைக்காரரும் பங்காளிகள். ஒளிப்பதிவாளர் ஹாரி காண்ட் மட்டும் வெள்ளையர். ஓமாஹா நகரத் தபால் நிலையத்தில் வேலை பார்த்த தம்பி ஜார்ஜ் ஜான்சன், வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் படங்களை விநியோகித்தார். கறுப்பினப் பார்வையாளருக்காகக் கறுப்பின நடிகரைக் கொண்டு எடுக்கப்படும் இத்தகைய படங்களை அமெரிக்கர் 'இனப் படங்கள்' என்றனர். பெரிய திரையரங்குகள் இவற்றைத் திரையிடாததால், கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளின் சிறு அரங்குகளையும் தேவாலயங்களையும் பள்ளிகளையுமே இவை நம்பியிருந்தன. லிங்கன் நிறுவனத்தின் முதல் படமான 'ஒரு நீக்ரோவின் லட்சியம் நிறைவேறுதல்', டஸ்கிகீ கல்லூரியில் படித்த ஓர் இளம் பொறியாளர் மேற்கே எண்ணெய் வயல்களில் வேலை தேடிப் போய், நிறத்தால் மறுக்கப்பட்டு, பின் தன் துணிவால் முன்னேறுவதைச் சொன்னது. இரண்டாவது படம் அதே ஆண்டு மெக்சிகோவின் கர்ரிசாலில் நடந்த மோதலில் போரிட்ட கறுப்பினக் குதிரைப்படை வீரர்களைப் பற்றியது. இரண்டிலும் கோமாளி இல்லை, திருடன் இல்லை, எஜமானின் காலடியில் கிடக்கும் வேலைக்காரனும் இல்லை. படித்த, உழைத்த, காதலித்த ஒரு கறுப்பின மனிதனை நாயகனாகக் காட்டுவதே அன்றைக்குப் பெரும் புதுமையாக இருந்தது.

இந்த நிறுவனத்தின் வருவாய் அதை நடத்தப் போதாததால், ஜான்சன் யுனிவர்சல் நிறுவனத்தின் தொடர்படங்களில், அதாவது வாரம் ஒரு பகுதியாக வெளியான சாகசக் கதைகளில், வில்லனாகவும் அடியாளாகவும் நடித்து, அந்தச் சம்பளத்தை லிங்கனுக்குச் செலவிட்டார். சிக்கல் அங்கேதான் பிறந்தது. கறுப்பின மக்களின் திரையரங்குகளில் ஒரு வாசலில் யுனிவர்சலின் சுவரொட்டியும் எதிர் வாசலில் லிங்கனின் சுவரொட்டியும் ஒட்டப்பட, மக்கள் ஜான்சன் நாயகனாக நடித்த படத்துக்கே போனார்கள். தன் சம்பளத்தில் இருக்கும் நடிகரே தனக்குப் போட்டியாவதைப் பொறுக்காத யுனிவர்சல், இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுமாறு வற்புறுத்தியது. 1918இல் ஜான்சன் லிங்கன் நிறுவனத்திலிருந்து விலகினார். அதை இனத்துரோகம் என்று தீர்ப்பெழுதுவது எளிது, நியாயமன்று. குடும்பமும் வாடகையும் உள்ள ஒரு தொழிலாளியின் முன் வைக்கப்பட்ட தெரிவு அது; வைத்தவரின் கையில் நாடு முழுவதும் பரவிய விநியோக வலை இருந்தது, எதிரே இருந்ததோ தபால்காரர் ஒருவரின் ஓய்வு நேரம். ஜான்சன் போன பிறகு கிளாரன்ஸ் புரூக்ஸை நாயகனாக்கி நிறுவனம் மேலும் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்து, 1920களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. இடையில் ஜார்ஜ் ஜான்சன், ஆஸ்கார் மிஷோ என்ற எழுத்தாளரின் நாவலைப் படமாக்கக் கேட்டதும், இயக்கத்தில் தனக்குப் பங்கு வேண்டும் என்று மிஷோ பிடிவாதம் பிடித்ததும், பேச்சு முறிந்து மிஷோ தானே 1919இல் அந்தப் படத்தை எடுத்ததும் கறுப்பினத் திரை வரலாற்றின் அடுத்த அத்தியாயத்தைத் தொடக்கிவைத்தன.

விலகிய ஜான்சனுக்கு அதன்பின் வேலைக்குப் பஞ்சமே இல்லை. 1921இன் 'அபோகலிப்சின் நான்கு குதிரைவீரர்கள்' படத்தில் நால்வரில் ஒருவர். 1922இல் ராபின்சன் குரூசோவின் துணையாளன் ஃபிரைடே. 1924இல் பஸ்டர் கீட்டனின் 'நாவிகேட்டர்' நகைச்சுவைப் படத்தில் நரமாமிசம் உண்ணும் தீவினரின் தலைவன். 1927இல் அங்கிள் டாம். 1930இன் 'மோபி டிக்' படத்தில் ஈட்டி எறியும் குவீக்குவெக். 1932இன் 'மம்மி' படத்தில் நூபியப் பணியாள். இப்படி அடுக்கிக்கொண்டே போகலாம்.

இந்த வேட மாற்றங்களுக்குத் தொழில்நுட்பமும் துணைநின்றது. மௌனப் பட காலத்தின் பெரும்பகுதியில் புழங்கிய ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிம், நீலத்தை வெளிறவும் சிவப்பைக் கறுக்கவும் காட்டும் இயல்புடையது. அதனால் நடிகரின் உண்மையான தோல்நிறத்துக்கும் திரையில் தெரியும் சாம்பல் நிறத்துக்கும் நேரான தொடர்பு இல்லை, இடையே நின்று தீர்மானித்தவை ஒப்பனையும் விளக்குமே. எல்லா நிறங்களையும் ஏறக்குறைய கண்ணுக்குத் தெரியும் விகிதத்தில் பதியும் பான்குரோமாட்டிக் பிலிம் 1920களின் இறுதியில்தான் பரவலானது. பேச்சும் கிடையாது என்பதால் உச்சரிப்பு காட்டிக்கொடுக்கும் அச்சமும் இல்லை. பேசும் படம் வந்த பிறகு பல மௌனப் பட நட்சத்திரங்கள் ஒதுங்க, ஜான்சன் தப்பித்ததற்கு ஒரு கசப்பான காரணம் சொல்லலாம்: அவருக்குக் கிடைத்த வேடங்களுக்குப் பெரும்பாலும் வசனமே இல்லை, இருந்தாலும் கற்பனை மொழியில் நாலு சொற்கள் போதும். 1933இன் 'கிங் காங்' படத்தில் மண்டையோட்டுத் தீவின் தலைவனாக வந்து, வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்ததும் உரத்துக் கட்டளையிடும் அவரை உலகம் முழுவதும் மக்கள் பார்த்திருக்கிறார்கள். பெயர் தெரிந்தவர் சிலரே.

அதே குழுவினர், அதே காட்டு அரங்குகளில், அதற்கு முன் எடுத்த 'மிக அபாயகரமான வேட்டை' (1932) படம்தான் அவரது தொழிலின் உச்ச விநோதம். அதில் ரஷ்யப் பிரபு ஒருவனின் ஊமைக் காவலாளான இவான் என்ற கொசாக் வீரராக, அதாவது ஒரு வெள்ளையராக, தாடி வைத்து முகத்தை வெளுத்துக்கொண்டு ஜான்சன் நடித்தார். கறுப்பினத்தவர் வேடத்தை வெள்ளையர் எடுத்துக்கொண்டதற்கு ஆயிரம் சான்றுகள் காட்டும் ஹாலிவுட்டில், வெள்ளையர் வேடத்தில் ஒரு கறுப்பின நடிகர் நடித்தது மிகமிக அரிதான நிகழ்வு. படம் பார்த்தவர்கள் அதைக் கவனிக்கவுமில்லை.

இந்தியர் வேடங்களும் இந்த வரிசையில் அடங்கும். டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடித்த 1924இன் 'பாக்தாத் திருடன்' படத்தில், பாக்தாத் இளவரசியை மணக்கப் போட்டியிடும் மூன்று இளவரசர்களில் இந்தியாவின் இளவரசனாகத் தலைப்பாகையும் கடுகடுத்த முகமுமாக வந்தவர் ஜான்சன். 1935இல் வடமேற்கு எல்லைப்புறத்து ஆங்கிலப் படையைப் புகழ்ந்த 'வங்காள ஈட்டிப்படை வீரனின் வாழ்க்கைகள்' படத்தில் ராம் சிங் என்ற சிறு வேடம். 1942இல் ஜோல்டான் கோர்டா இயக்கிய 'ஜங்கிள் புக்' படத்தில் ஒரு சீக்கியர். மத்திய இந்தியக் காட்டோரக் கிராமம் என்று சொல்லிக் கலிஃபோர்னியாவில் அரங்கமைத்து எடுக்கப்பட்ட அந்த வண்ணப் படத்தின் நடிகர் பட்டியல் படிக்கத் தகுந்தது. வேட்டைக்காரன் புல்டியோவாக மால்டாவில் பிறந்த ஜோசஃப் கலேயா, பண்டிதராக இத்தாலியில் பிறந்த ஃபிராங்க் புக்லியா, நாவிதராகக் கனடாவில் பிறந்த ஜான் குவாலன், மௌக்லியின் தாயாக அமெரிக்கர் ரோஸ்மேரி டெகாம்ப், சீக்கியராக மிசௌரி மாநிலத்து நோபிள் ஜான்சன். முக்கியப் பாத்திரங்களில் உண்மையான இந்தியர் மௌக்லியாக நடித்த சாபு ஒருவரே.

இனங்களை இப்படிக் கலந்து ஒரே குவியலாகப் பார்க்கும் பழக்கத்தை ஹாலிவுட் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பிரெஞ்சுப் பேரரசு 1848இல் அடிமை முறையை ஒழித்தபின், ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்கரின் இடத்தை நிரப்ப, புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பல்களில் ஒப்பந்தக் கூலிகள் ஏற்றப்பட்டார்கள். பிரெஞ்சு எல்லைக்கு அப்பாலிருந்த தஞ்சை மாவட்டத்து ஊர்களிலிருந்து ஆள்பிடிப்பவர் வழியாக வந்து சேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. கரும்பு வெட்டும் கை ஆப்பிரிக்கருடையதா காவிரிக்கரையாருடையதா என்பது தோட்ட முதலாளிக்கு ஒரு பொருட்டல்ல, கூலிக்கணக்கு சரியாக இருந்தால் போதும். திரைப்பட முதலாளிக்கும் இனம் என்பது ஒப்பனை அறையின் கணக்காகவே இருந்தது. காரைக்கால் வாசகருக்கு ஜான்சனின் கதை அவ்வளவு தொலைவானதன்று என்பதற்கு இது போதும்.

சாபுவின் பாதை முற்றிலும் வேறு. 1924இல் மைசூர் சமஸ்தானத்தின் காரப்பூரில், மகாராஜாவின் யானைப் பாகன் ஒருவருக்கு மகனாகப் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, யானைக் கொட்டாரத்தில் வளர்ந்த அந்தச் சிறுவனை, ஆவணப்பட முன்னோடி ராபர்ட் ஃபிளஹர்ட்டி தன் 'யானைச் சிறுவன்' படத்துக்காக மைசூர் வந்தபோது, ஒளிப்பதிவாளர் ஆஸ்மண்ட் போரடெய்ல் கண்டெடுத்தார். கிப்ளிங்கின் சிறுகதையை ஒட்டிய அந்தப் படம் 1937இல் வெளிவந்து வெனிஸ் விழாவில் இயக்கத்துக்கான பரிசைப் பெற்றது. லண்டன் சென்ற சாபு அங்கேயே தங்கினார்; தயாரிப்பாளர் அலெக்சாண்டர் கோர்டா அடுத்தடுத்த படங்களில் அவரை நடிக்கவைத்தார். அவற்றில் 1938இன் 'டிரம்', எல்லைப்புறத்தில் ஆங்கிலேயருக்கு விசுவாசமான சிறு இளவரசனைக் கொண்டாடியதால், பம்பாயில் திரையிடப்பட்டபோது ஆர்ப்பாட்டம் கிளம்பிப் படம் நிறுத்தப்பட்டது. இந்திய ரசிகருக்கு அது பெருமையும் எரிச்சலும் கலந்த நிலை: உலகத் திரையில் நாயகனாகத் தெரிந்த முதல் இந்தியச் சிறுவன், ஆங்கிலக் கொடிக்குக் கைதட்டும் கதையில் நிற்கிறான்.

1940இல் கோர்டா மீண்டும் எடுத்த 'பாக்தாத் திருடன்' சாபுவின் புகழை உச்சிக்குக் கொண்டுபோனது. போரின் காரணமாக லண்டனில் தொடங்கி அமெரிக்காவில் முடிக்கப்பட்ட அப்படம் ஒளிப்பதிவு, கலை இயக்கம், தந்திரக் காட்சிகள் ஆகிய மூன்றுக்கும் ஆஸ்கார் விருது பெற்றது. அதில் குடுவையிலிருந்து வெளிப்பட்டு, சாபுவைத் தோளில் ஏந்திப் பறக்கும் பூதமாக நடித்தவர் ரெக்ஸ் இங்கிராம் என்ற ஆப்பிரிக்க அமெரிக்கர். (மேலே குறிப்பிட்ட 'நான்கு குதிரைவீரர்கள்' படத்தை இயக்கியவரும் ரெக்ஸ் இங்கிராம்தான், ஆனால் அவர் அயர்லாந்தில் பிறந்த வேறொருவர், பெயரொற்றுமையால் பலர் குழம்புவதுண்டு.) விடுதலை கேட்டு முழங்கிச் சிரிக்கும் அந்தப் பூதம், அக்காலத்துக் கறுப்பின நடிகருக்குக் கிடைத்த வேடங்களில் கம்பீரம் குறையாத ஒன்று.

அமெரிக்காவில் குடியேறிய சாபு, 1942 முதல் 1944 வரை யுனிவர்சல் எடுத்த வண்ணப் படங்களில் ஜான் ஹாலும் மரியா மாண்டேசும் காதலிக்க, பக்கத்தில் நிற்கும் தோழனாகவே வந்தார். நாயகனின் உடலும் சிரிப்பும் இருந்தும் காதல் காட்சி அவருக்கு ஒதுக்கப்படவில்லை. திரைக்கு வெளியேயும் நிறம் பின்தொடர்ந்தது. இந்தியர் வெள்ளையரல்லர், ஆகவே குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அந்தத் தடை 1946இல்தான் சட்டத்தால் நீங்கியது. அதற்கு முன்பே, 1944இல், சாபு குடியுரிமை பெற்று அந்நாட்டு விமானப்படையில் சேர்ந்து, பசிபிக் போர்முனையில் பி-24 குண்டுவீச்சு விமானங்களில் துப்பாக்கி வீரராகப் பறந்து, உயரிய பறப்புச் சேவைப் பதக்கத்தையும் வென்றார். போர் முடிந்து திரும்பியவருக்குக் காத்திருந்தது மறுபடியும் காடு, யானை, புலி. 1947இன் 'பிளாக் நார்சிசஸ்' படத்தின் இளம் ஜெனரல் வேடம் ஒன்றே அவருக்குக் கிடைத்த வளர்ந்த மனிதன் எனலாம், அதுவும் இமயமலையைச் சித்திரமாகத் தீட்டி இங்கிலாந்தில் எடுக்கப்பட்டது. மெஹ்பூப் கான் 'மதர் இந்தியா'வின் பிர்ஜு வேடத்துக்கு அவரை நினைத்தார், கைகூடவில்லை. 1957இல் வெளிவந்த அப்படத்தில் சுனில் தத் நடித்துப் புகழ்பெற்றார். தாய்நாட்டுப் படம் எதிலும் நடிக்காமலே, 1963 டிசம்பர் 2 அன்று, மாரடைப்பால், 39ஆம் வயதில் சாபு இறந்தார்.

இருவரையும் அருகருகே வைத்தால் ஒரே பூட்டின் இரு பக்கங்கள் தெரிகின்றன. ஜான்சனால் எந்த இனத்தவராகவும் நடிக்க முடிந்தது, தன் இனத்தவராக நடிப்பது மட்டும் லிங்கன் நிறுவனத்தோடு ஏறக்குறைய முடிந்துபோனது; சாபு தன் இனத்தவராகவே பெரும்பாலும் நடித்தார், ஆனால் அந்த இந்தியரைக் கிப்ளிங்கின் வாசகர்கள் வடிவமைத்திருந்தார்கள், மைசூர்க்காரர்கள் அல்லர். முன்னவருக்குப் புகழின்றி நீண்ட தொழில் கிடைத்தது, பின்னவருக்குக் குறுகிய புகழ். எது மேல் என்று கேட்டால், பேச்சே இல்லாத இவான் வேடத்திலும் அச்சமூட்டிய ஜான்சனே தேர்ந்த நடிகர் என்று சொல்லத் தோன்றுகிறது; சாபுவிடம் இருந்தது நடிப்பைவிட அரிய இயல்பான மலர்ச்சி, அதை வயதோடு வளரவிடும் கதைகளை எவரும் எழுதவில்லை.

ஜான்சன் 1950 வாக்கில் திரையைவிட்டு விலகினார். அதற்குச் சற்று முன், 1949இல், ஜான் ஃபோர்டின் 'மஞ்சள் ரிப்பன்' படத்தில் சிவப்புச் சட்டை என்ற செவ்விந்தியத் தலைவனாக வந்தது, அவர் தொடங்கிய வேடத்திலேயே ஏறக்குறைய முடித்ததாகும். 1978 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் யுகைப்பா என்ற சிற்றூரில் 96ஆம் வயதில் அவர் மறைந்தார். அவர் நாயகனாக நடித்த லிங்கன் படங்கள் எவையும் இன்று கிடைப்பதில்லை. அந்த நிறுவனத்தின் கடைசிப் படமான 'பிறப்புரிமையால்' (1921) என்பதிலிருந்து சில நிமிடத் துணுக்குகளே எஞ்சியுள்ளன, அவற்றில் அவர் இல்லை. அந்தப் படங்களின் கதையும் கணக்கும் விளம்பரமும் தெரியவருவதற்குக் காரணம் தம்பி ஜார்ஜ். கடிதங்கள், துண்டறிக்கைகள், கறுப்பினத்தவர் நடத்திய பத்திரிகைகளின் நறுக்குகள் என அவர் வாழ்நாள் முழுவதும் சேர்த்துவைத்த காகிதங்கள் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக நூலகத்தில் அவர் பெயராலேயே காக்கப்படுகின்றன. அமெரிக்கக் கறுப்பின மக்களின் தொடக்ககாலத் திரைப்படங்களை ஆராய்பவர்கள் இன்றும் முதலில் தேடிப்போவது அந்தத் தொகுப்பைத்தான்.